கோவையிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு வேலை விண்ணப்பம்: ஜெர்மன் படிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காந்திபுரத்தில் பஸ் இறங்கி நாலு பக்கமும் பார்த்தால், ஜெர்மன் வகுப்பு விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. பி.எஸ்சி நர்சிங் முடித்தவர்கள், பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கேயே தொழில் பழகலாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் இப்போது ஏ1, ஏ2, பி1 என்று பேசுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுத் தொழில்திறனாளர்களை வரவேற்கும் சட்டம் ஜெர்மனியில் 2020 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை தேடிக்கொள்ள உள்ளே வர அனுமதிக்கும் 'வாய்ப்பு அட்டை' 2024 ஜூன் 1இல் வந்தது. இந்தியத் தொழில்திறனாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தப்போவதாக 2024 அக்டோபரில் அறிவிப்பும் வந்தது.

வகுப்பில் இலக்கணம் சொல்லித் தருகிறார்கள், தேர்வுக்குத் தயார் செய்கிறார்கள். ஆனால் 'சரி, இப்போது ஒரு கம்பெனிக்கு மெயில் எழுது' என்றால் பாதிப் பேர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கைவசம் இருக்கும் பழைய ஆங்கிலக் கவரிங் லெட்டரை எடுத்து, மொழிபெயர்க்கும் மென்பொருளில் போட்டு, வந்ததை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். பி1 படித்தவர் பெயரில் பேராசிரியர் எழுதிய மாதிரி ஒரு கடிதம் போகிறது. அதை நம்பி அங்கிருந்து வீடியோ காலில் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்துவிடுகிறது.

இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு ஒன்றே ஒன்றுதான்: உங்கள் வாயால் திருப்பிச் சொல்ல முடியாத வாக்கியம் உங்கள் மெயிலில் இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஜெர்மன் சொற்களை இங்கே ஒலிக்கேற்பத் தமிழில் தந்திருக்கிறேன். சரியான எழுத்துக்கூட்டை டூடன் அகராதியின் இணையதளத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஜெர்மன் எந்தப் படியில் இருக்கிறது?

ஏ1 முடித்தவுடனே விண்ணப்பிக்கத் துடிக்காதீர்கள். அந்தப் படியில் நீங்கள் எழுதப் பழகியிருப்பது ஒரு படிவமும் ஒரு குறுஞ்செய்தியும்தான். கோதே இன்ஸ்டிட்யூட்டின் பி1 தேர்வில் எழுத்துப் பகுதிக்கு மூன்று கேள்விகள் உண்டு. மூன்றாவது கேள்வி, மரியாதையான நடையில் சுமார் 40 சொற்களில் ஒரு மெயில். பி2 வந்தால் அதுவே சுமார் 100 சொற்கள். விண்ணப்ப மெயில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே பி1 எழுத்துப் பகுதியில் தேறக்கூடியவர் தன் மெயிலைத் தானே எழுத முடியும். தேற 100க்கு 60 வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தப் படி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சிக்கு, அதாவது ஆவுஸ்பில்டுங்குக்கு, பொதுவாக பி1 கேட்கிறார்கள். செவிலியராகப் பதிவு பெறப் பெரும்பாலும் பி2 வேண்டும். சாஃப்ட்வேர்காரர்களில் பலருக்கு ஆங்கிலமே போதும். அவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகப் பயன்படாது.

விளம்பரத்தை மூன்று முறை படியுங்கள்

வேலை தேட ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையான புண்டெஸ்அகென்டூர் ஃப்யூர் ஆர்பைட்டின் தளமும், 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசுத் தளமும் நம்பகமானவை. இரண்டுக்கும் காசு கிடையாது.

விளம்பரத்தின் தலைப்பிலேயே பணியின் பெயர் இருக்கும். அதை அப்படியே நகல் எடுங்கள், சொந்தமாகப் பெயர் வைக்காதீர்கள். நம்மூரில் 'சிஎன்சி ஆபரேட்டர்' என்கிறோம். அங்கே அந்தத் தொழிலுக்கு 'ட்ஸெர்ஷ்பானுங்ஸ்மெகானிகர்' என்று பெயர். ஒரே மூச்சில் சொல்ல ஒரு வாரம் பழக வேண்டும், ஆனால் தேடும் பெட்டியில் இதைப் போட்டால்தான் வேலைகள் கொட்டும். செவிலியருக்கு 2020 முதல் 'ஃப்ளேகஃபாக்ஃப்ராவ்' (ஆணென்றால் 'ஃப்ளேகஃபாக்மன்') என்பதுதான் சட்டப்படியான பெயர். பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும் பெயரை எழுதினால், புத்தகம் பழையது என்பது தெரிந்துவிடும். தலைப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எம், வே, டே என்று மூன்று எழுத்துகள் இருக்கும். ஆண், பெண், மற்றவர் யாரும் விண்ணப்பிக்கலாம் என்று அதற்குப் பொருள். அதை உங்கள் மெயிலில் எழுத வேண்டியதில்லை.

இரண்டாம் முறை படிக்கும்போது, 'கட்டாயம் வேண்டும்' என்றும் 'இருந்தால் நல்லது' என்றும் சொல்வதைப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை, தொடர்புக்கு யார் பெயர் இருக்கிறது, குறிப்பு எண் உண்டா, எத்தனை எம்பி வரை கோப்பு அனுப்பலாம் என்று பாருங்கள். சில நிறுவனங்கள் மெயிலே வேண்டாம், எங்கள் தளத்தில் பதிவேற்றுங்கள் என்கின்றன. அவர்களுக்கு மெயில் அனுப்பினால் அது படிக்கப்படாமலே கிடக்கும்.

பெயரில் ஆரம்பிக்கும் சிக்கல்

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் நிறையத் தடுமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பேசலாம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பழனிசாமியின் மகள் கார்த்திகா என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் 'கார்த்திகா பி', கல்லூரியில் 'பி. கார்த்திகா', பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திகா, குடும்பப் பெயர் பழனிசாமி. மெயில் ஐடியில் வேறொன்று. ஜெர்மன் அலுவலகத்தில் இந்த நான்கும் நான்கு ஆட்கள். அங்கீகாரத்துக்குச் சான்றிதழ் அனுப்பும்போது இதற்காகவே கோப்பு நின்றுபோன கதைகள் உண்டு.

தீர்வு எளிது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். மெயிலின் கீழே, சுயவிவரத்தில், கோப்பின் பெயரில், வீடியோ கால் திரையில், எல்லா இடத்திலும் அதே வடிவம், அதே எழுத்துக்கூட்டு. இனிஷியல் வேண்டாம், விரித்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அதைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். பின்னால் விசா, வங்கிக் கணக்கு, காப்பீடு என்று ஒவ்வொரு இடத்திலும் அந்தக் காலிக் கட்டம் வந்து நிற்கும்.

பதில் வரும்போது 'மதிப்புக்குரிய திருமதி பழனிசாமி' என்று வரும். 'எங்கப்பாவக் கூப்பிடறாங்களாட்ட இருக்குது' என்று சிரிப்பு வரலாம். பழகிக்கொள்ளுங்கள், இனி அங்கே உங்களை அப்படித்தான் அழைப்பார்கள். கார்த்திகா என்பது பெண் பெயர், கார்த்திகேயன் ஆண் பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாது. சுயவிவரத்தில் பெயருக்கு முன்னால் 'ஃப்ராவ்' அல்லது 'ஹெர்' என்று போட்டுவிட்டால் அவர்களுக்கு எழுதுவது சுலபம்.

இதே தொல்லை எதிர்ப்பக்கமும் உண்டு. ஆந்த்ரேயா என்ற பெயர் அங்கே பெண்ணுக்குரியது, இத்தாலியில் ஆணுக்குரியது. யாருக்கு எழுதுகிறோம் என்று உறுதியில்லாதபோது, 'கூட்டன் டாக்' என்று போட்டு முழுப்பெயரை எழுதிவிடலாம். இப்போது அங்கேயே பலர் அப்படி எழுதுகிறார்கள்.

மெயில் ஐடி பற்றி ஒரு வரி: கல்லூரி முதலாண்டில் தொடங்கிய 'கொங்குசிங்கம்007' வேண்டாம். பெயரும் குடும்பப் பெயரும் நடுவில் ஒரு புள்ளியும் இருந்தால் போதும்.

பொருள் வரியும் விளிப்பும்

பொருள் வரியில் மூன்று விஷயங்கள் வர வேண்டும்: 'பெவெர்புங் அல்ஸ்' (விண்ணப்பம் என்று தெரிய), விளம்பரத்தில் உள்ள பணியின் பெயர், குறிப்பு எண் இருந்தால் அது. தொழிற்பயிற்சி என்றால் 'பெவெர்புங் உம் ஐனன் ஆவுஸ்பில்டுங்ஸ்ப்ளாட்ஸ்', அதன்பின் தொழிலின் பெயர். 'அவசரம்', 'தயவுசெய்து பார்க்கவும்' போன்றவற்றுக்கு இடமில்லை.

விளிப்பில் 'ரெஸ்பெக்டட் சார்' பழக்கத்தை மறந்துவிடுங்கள். பெயர் தெரிந்த பெண்ணுக்கு 'ஸேயர் கெஏர்ட்ட ஃப்ராவ்', ஆணுக்கு 'ஸேயர் கெஏர்ட்டர் ஹெர்', அதன் பின்னால் குடும்பப் பெயர் மட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் கடைசி எழுத்து மாறுவதைக் கவனியுங்கள். பெயரே தெரியாதபோதுதான் 'ஸேயர் கெஏர்ட்ட டாமென் உண்ட் ஹெரன்'. விளம்பரத்தில் ஒருவர் பெயர் இருந்தும் இந்தப் பொது விளிப்பை எழுதினால், விளம்பரத்தை முழுசாகப் படிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

விளிப்புக்குப் பின் காற்புள்ளி. ஒரு வரி இடைவெளி விட்டு அடுத்த வாக்கியத்தைச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஆங்கிலத்தில் இங்கே பெரிய எழுத்து வரும் என்பதால் கை தானாக அங்கே போகும். முதல் சொல் பெயர்ச்சொல்லாகவோ 'ஸீ' என்ற மரியாதைச் சொல்லாகவோ இருந்தால் மட்டும் பெரிய எழுத்து.

நீங்கள், நீ என்ற வேறுபாடு ஜெர்மனிலும் உண்டு. எதற்கும் 'ங்க' போட்டே பேசுகிற நம் ஊர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சில இளவட்டக் கம்பெனிகள் விளம்பரத்தில் 'நீ' என்றே எழுதும். அவர்களுக்கு 'நீ' போட்டு எழுதினாலும் தப்பில்லை, 'நீங்கள்' போட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. படிக்கும் நிலையில் இருப்பவர் 'ஸீ'யிலேயே நிற்பது நல்லது. இரண்டையும் கலந்தடித்து எழுதுவதுதான் மோசம்.

ஏழு வாக்கியத்தில் மெயில்

ஜெர்மன் விண்ணப்பத்தில் அன்ஷ்ரைபென் எனும் ஒருபக்கக் கடிதம் தனியாக இணைப்பில் போகும். மெயில் என்பது அதைக் கொண்டுவந்து கொடுக்கும் சிறு குறிப்பு. ஏழெட்டு வாக்கியத்துக்கு மேல் நீளக் கூடாது.

முதலில் ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் அல்ல. இதற்கு இலக்கணக் காரணமே இருக்கிறது. 'மூன்று வருஷமாக வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். ஜெர்மனிலும் அப்படியே நிகழ்காலம். ஆங்கிலம் வழியாகப் போகிறவர் அங்கே இறந்தகாலத்தைக் கொண்டுவந்து, அந்த வேலையை விட்டுவிட்டவர் போல ஆகிவிடுகிறார். அதேபோல 'ஏனென்றால்', 'என்று' பொருள்படும் சொற்களுக்குப் பின்னால் வினைச்சொல் கடைசியில் வர வேண்டும் என்பது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குத் தலைவலி, நமக்கு வீட்டுப் பழக்கம். தனி வாக்கியத்தில் மட்டும் வினை இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். அதை மட்டும் கவனித்தால் போதும்.

கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு பட்டறையில் சிஎன்சி லேத் ஓட்டும் டிப்ளமோக்காரர் எழுதுவதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியமாகப் பார்ப்போம்.

"வேலைவாய்ப்பு முகமையின் தளத்தில் உங்கள் விளம்பரத்தைப் படித்தேன், இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்." எங்கே பார்த்தார், எதற்கு எழுதுகிறார் என்பது முடிந்தது. 'ஹியர்மிட் பெவெர்பெ இஷ் மிஷ்' என்று தொடங்குவது இலக்கணப்படி சரி. ஆனால் அங்கே ஆளெடுப்பவர்கள் அதைப் பார்த்துச் சலித்துப் போயிருக்கிறார்கள்.

"நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன், மூன்று ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன்." கோயம்புத்தூர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 'தென்னிந்தியாவில்' என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இரண்டு அச்சு சிஎன்சி லேத்தில் ஷாஃப்ட், இம்பெல்லர் கடைகிறேன், ஃபனுக் கன்ட்ரோலில் புரோகிராமைத் திருத்துவேன், மைக்ரோமீட்டரில் நானே அளந்து பார்ப்பேன்." மெயிலின் உயிர் இந்த வாக்கியத்தில் இருக்கிறது. 'கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவாக வேலை செய்வேன்' என்று ஐந்து வரி எழுதினாலும், இந்த ஒரு வரி சொல்வதைச் சொல்லாது. நீங்கள் நர்ஸ் என்றால் எந்த வார்டு, எத்தனை படுக்கை, எந்தக் கருவி. பல்லடத்தில் விசைத்தறி பழுது பார்த்தவர் என்றால் எந்த வகைத் தறி. எண்ணும் பெயரும் இருக்கட்டும், புகழுரை வேண்டாம்.

"கோதே பி1 தேர்வில் தேறியிருக்கிறேன், இப்போது பி2 படிக்கிறேன்." உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 'சரளமாகப் பேசுவேன்' என்றெல்லாம் வேண்டாம்.

"என் டிப்ளமோவை அங்கீகரிக்கும்படி ஐஎச்கே ஃபோசாவில் விண்ணப்பித்திருக்கிறேன்." நூரன்பெர்க்கில் உள்ள இந்த அமைப்புதான் தொழில், வணிகத் துறைகளின் வெளிநாட்டுத் தொழிற்சான்றுகளை மதிப்பிடுகிறது. பட்டதாரிகள் தங்கள் பல்கலைக்கழகம், வெளிநாட்டுக் கல்வித்தகுதிகளைப் பட்டியலிடும் அனாபின் தரவுத்தளத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து எழுதலாம். செவிலியருக்கு அந்தந்த மாநில அதிகாரியிடம் தனி விண்ணப்பம். இன்னும் விண்ணப்பிக்கவில்லையா? இந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள்.

"என் விண்ணப்ப ஆவணங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்திருக்கிறேன்."

"உரையாடலுக்கு நீங்கள் அழைத்தால் மகிழ்ச்சி அடைவேன்; வீடியோ காலிலும் பேசலாம்."

அவ்வளவுதான். முடிவில் 'மிட் ஃப்ராயிண்ட்லிஹென் க்ரூஸென்', அதன் பின்னால் காற்புள்ளி கிடையாது. இதை மூன்றெழுத்துச் சுருக்கமாகப் போடும் வழக்கம் அங்கே உண்டு, விண்ணப்பத்தில் அது அலட்சியமாகத் தெரியும். கீழே முழுப்பெயர், முகவரி, +91 உடன் கைபேசி எண். 'யுவர்ஸ் ஒபீடியண்ட்லி' என்று கைகட்டி நிற்கும் நடை ஜெர்மனில் இல்லை, தேட வேண்டாம்.

மென்பொருளை எங்கே பயன்படுத்தலாம்?

பயன்படுத்தவே கூடாது என்று சொல்வது நடக்கிற காரியமில்லை. முறை மட்டும் மாறட்டும். நீங்களே ஜெர்மனில் எழுதி முடித்தபின், பிழை மட்டும் காட்டும்படி கேளுங்கள். 'பி1 நடையைத் தாண்டாதே' என்று சொல்லுங்கள். அது தரும் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். காரணம் புரியாத திருத்தத்தை ஏற்க வேண்டாம். சிறு பிழை ஒன்றிரண்டு இருந்தாலும் படிக்கும் நிலையில் இருப்பவர் எழுதியது என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள். நிறுவனத்தின் பெயரிலும் ஆளின் பெயரிலும் பிழை இருந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

பிறகு ஏழு வாக்கியங்களையும் வாய்விட்டுப் படித்து ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறதோ அந்த வாக்கியத்தை உடைத்து இரண்டாக்குங்கள்.

எழுத்து விஷயத்தில் சில சில்லறை வேலைகள் உண்டு. ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும், வாக்கியத்தின் நடுவில் வந்தாலும். தலையில் இரட்டைப் புள்ளி வைத்த மூன்று உயிரெழுத்துகளை ஃபோனில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் எடுக்கலாம். கணினியில் ஜெர்மன் விசைப்பலகையைச் சேர்த்தால், வொய்யும் இசட்டும் இடம் மாறிவிடும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

இணைப்பில் என்ன, என்ன வேண்டாம்

ஒரே பிடிஎஃப். வரிசை: கடிதம், லேபென்ஸ்லாவுஃப் எனும் சுயவிவரம், பிறகு சான்றிதழ்கள். அளவு எதுவும் சொல்லாவிட்டால் 5 எம்பிக்குள் அடக்குங்கள். கோப்பின் பெயரில் உங்கள் குடும்பப் பெயரும் 'பெவெர்புங்' என்ற சொல்லும் இருக்கட்டும். இரட்டைப் புள்ளி எழுத்து எதுவும் கோப்புப் பெயரில் வேண்டாம். சான்றிதழை மெத்தை விரிப்பின் மேல் வைத்து ஃபோனில் படம் எடுத்து அனுப்புவதைவிட, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஒழுங்காக ஸ்கேன் செய்வது நல்லது.

சுயவிவரம் இரண்டு பக்கத்துக்குள், அட்டவணை வடிவில், அண்மையில் செய்தது மேலே வரும்படி. ஒவ்வொன்றுக்கும் மாதமும் ஆண்டும் வேண்டும். இடையில் இரண்டு வருஷம் காலியாக இருந்தால் கேள்வி வரும். அந்த இரண்டு வருஷத்தில் அப்பாவின் தறிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா, தோட்டத்தில் மஞ்சள் வேலை பார்த்தீர்களா, எழுதுங்கள். அதைக் குறைச்சலாக நினைத்து மறைப்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே அது குடும்பத் தொழிலில் அனுபவம். கடைசியில் ஊர், தேதி, கையொப்பம். தேதியை நாள், மாதம், ஆண்டு வரிசையில் நடுவே புள்ளி வைத்து எழுதுவார்கள்.

நம்மூர் பயோடேட்டாவில் இருக்கும் பாதி விஷயம் அங்கே போகக் கூடாது. சாதி, மதம், தந்தை பெயர், தந்தை தொழில், ரத்தப் பிரிவு, உயரம், எடை எதுவும் வேண்டாம். ஆதார், பான், சாதிச் சான்றிதழ், டிசி ஆகியவற்றை முதல் மெயிலோடு அனுப்பாதீர்கள், பாஸ்போர்ட் நகலும் கேட்டால் மட்டும்தான். புகைப்படம் கட்டாயம் இல்லை. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2006இல் வந்த பிறகு படம் வை என்று நிறுவனங்கள் வற்புறுத்துவதில்லை. ஆனாலும் பலர் இன்னும் வைக்கிறார்கள்.

மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுங்கள்

ஜெர்மனியில் 1 தான் உயர்ந்த மதிப்பெண். 4 வரை தேர்ச்சி, 5 என்றால் தோல்வி. சிஜிபிஏ 8.2 என்று வெறுமனே எழுதினால் அவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. மாற்றுவதற்கு பவேரியச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள். அதை, உச்ச மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 10, தேர்ச்சி 5, உங்களுடையது 8.2 என்றால் 1.8ஐ 5ஆல் வகுத்து 3ஆல் பெருக்க 1.08, ஒன்றைக் கூட்ட 2.08. அங்கே அது 'நன்று' என்ற வகை. பிளஸ் டூவுக்குத் தேர்ச்சி மதிப்பெண் 35 என்பதை மறக்காமல் கணக்கிடுங்கள். சுயவிவரத்தில் நம் மதிப்பெண்ணை முதலில் எழுதி, இதைப் பக்கத்தில் 'சொந்தக் கணக்கு' என்று குறித்துவிடுங்கள்.

ஏஜென்ட் எழுதித் தருகிறேன் என்றால்

மெயிலை எழுதித் தருவது, நூறு கம்பெனிக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது, அதற்கு லட்சக்கணக்கில் வாங்குவது என்று ஒரு வியாபாரம் நடக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. நர்ஸ்கள் இன்னும் கறாராக இருக்கலாம்: நியாயமான ஆளெடுப்புக்கு ஜெர்மன் அரசு ஒரு தர முத்திரை வைத்திருக்கிறது, அதைப் பெற்ற நிறுவனங்களில் செலவு முதலாளியைச் சேர்ந்தது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களை அனுப்பும் வேலையைச் செய்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ஏஜென்ட் எழுதிய கடிதத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நேர்காணலுக்கு உட்காருகிறார்கள். ஆனால் இந்த ஊருக்கு வேறொரு முன்மாதிரி உண்டு: கலங்கலில் பிறந்து, பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடு 1930களிலேயே ஜெர்மனிக்குப் போய்வந்தவர். அவர் உருவாக்கிய ரேசன்ட் சவர இயந்திரம் அங்கே தயாரானது. அவர் பெயரை 2025 அக்டோபரில் அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு வைத்தார்கள். அந்தப் பாலத்தின் வழியே போய் ஏஜென்ட் ஆபீசில் லட்சத்தைக் கட்டிவிட்டு, தன் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் திரும்பி வருவது இந்த ஊருக்கு அழகில்லை.

அனுப்பிய பிறகு

ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். செவ்வாய், புதன் மதியம் ஒரு மணி வாக்கில் அனுப்பினால் அவர்கள் காலையில் அலுவலகத்தில் இருக்கும்போது போய்ச் சேரும். வெள்ளி மாலை அனுப்பினால் திங்கள்கிழமைக் குவியலில் அடியில் போய்விடும்.

கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வரலாம், அதை நேர்காணல் அழைப்பு என்று நினைத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு இரண்டே வாக்கியத்தில், எந்தத் தேதியில் அனுப்பினேன், நிலைமை என்ன என்று கேட்கலாம். மறுப்பு வந்தால் காரணம் இருக்காது. அது அங்கே வழக்கம், உங்கள் மேல் கோபமில்லை. ஒரு வரி நன்றி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்தக் கம்பெனிக்கு, எப்போது, எந்தக் கோப்பை அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். +49 எண்ணிலிருந்து திடீரென்று ஃபோன் வரும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும். எதிரில் பேசுபவர் வேகமாகப் பேசினால், மெதுவாகச் சொல்ல முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் மெயிலே உங்கள் நிலையைச் சொல்லியிருப்பதால் அவர்களும் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

ஆவுஸ்பில்டுங் தேடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு விஷயம். பயிற்சி ஆண்டு அங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகிறது. காலம் இரண்டிலிருந்து மூன்றரை ஆண்டு. தொழிற்பயிற்சிச் சட்டப்படி, 2026இல் தொடங்குபவருக்கு முதல் ஆண்டில் குறைந்தபட்ச மாத ஊதியம் 724 யூரோ. பல தொழில்களில் இதைவிட அதிகம் தருகிறார்கள். ஆனால் குறைந்தபட்சத்தை வைத்துக்கொண்டு அங்கே குடித்தனம் நடத்த முடியாது, விசாவுக்குக் கூடுதல் பணம் காட்ட வேண்டிவரும். பெரிய நிறுவனங்கள் ஓராண்டுக்கு முன்பே ஆளெடுக்கத் தொடங்கிவிடுகின்றன, விசாவுக்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே பி1 சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், தேர்வுத் தேதியை மெயிலில் குறிப்பிட்டு இப்போதே விண்ணப்பியுங்கள்.